படக்கதைகளைத் தோலுரித்தவர்

"கிளாக்கர் வேலாயுதம் போயிட்டாருங்க" என்று நோர்வூட் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர் எங்கள் ஹட்டன் கடை வாசலில் நின்று சொன்னபோது, எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அவரை அறிந்த நீங்கள் முகம் சுளிக்க வேண்டாம். உங்களில் பாதிப் பேருக்கும் அதுதான் வந்திருக்கும்.

அவர் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிளாக்கர். எங்கள் ஊர் மாத ஏட்டில் புதிய படக்கதை இதழ்களுக்கு மதிப்புரை எழுதுவார். மதிப்புரை என்பது மரியாதைக்குச் சொல்வது, தோலை உரிப்பார். ஞாயிற்றுக்கிழமை புது இதழோடு தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போவார். வசனங்களின் மேல் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டு, கொழுந்து பறிக்கும் பெண்களிடம் பக்கம் பக்கமாகக் காட்டி, "என்னம்மா நடக்குது இதுல?" என்று கேட்பார். சொன்னதை அப்படியே எழுதிக்கொள்வார். "படம் கதை சொல்லலைன்னா வசனம் வெறும் ஒப்பாரிங்க" என்பார். இந்தியாவிலிருந்து வந்த இதழ்களும் அவரிடம் தப்பவில்லை. குதிரையில் பாய்ந்த ராஜகுமாரனைப் பார்த்து ஒரு பெண், "வயித்துவலிக்காரரு ஆஸ்பத்திரிக்குப் போறாருங்கய்யா" என்றதை அச்சில் படித்து, நானும் விழுந்து விழுந்து சிரித்தவன்தான்.

பிறகு என் முறை வந்தது. ஒரு வருஷம் வரைந்த என் முதல் இதழ். பிள்ளையைப் பறிகொடுத்த, கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் கதை. அது எடுபட்டால் கடையை அண்ணனிடம் விட்டுவிட்டு வரைவதையே தொழிலாக்குவது என்று வீட்டில் பேசி வைத்திருந்தேன். கடைசிப் பக்கத்தில் அவள் பிள்ளையைப் புதைத்துவிட்டு வேலைக்குத் திரும்புகிறாள். லயத்துப் பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

"யாருங்கய்யா இந்தம்மா? கூடைக் கயித்தைத் தோள்ல மாட்டிக்கிட்டுச் சந்தைக்குப் போறாங்களா?"

தலையில் மாட்டும் கயிற்றை நான் தோளில் வரைந்திருந்தேன். பிறந்ததிலிருந்து பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்த பெண்கள்.

சேதி காதுக்கு எட்டியதும், அதை ஏட்டில் போட வேண்டாம் என்று அவர் வீட்டுக்கே போய்க் கெஞ்சினேன். தேத்தண்ணி கொடுத்தார். "பொய்யா எழுதியிருந்தா சொல்லுங்க சின்ன முதலாளி, எடுத்துடுறேன். நீங்க பார்த்தீங்க, கவனிக்கலை" என்றார். மதிப்புரை இப்படி வந்தது: 'பிள்ளை செத்த பக்கத்தில் தாய்மார் சிரித்தார்கள். அந்தப் பிள்ளையைக் கொன்றது வரைந்தவரின் அலட்சியம்.' கடைக்கு வந்தவர்கள் அதை எனக்கே வாசித்துக் காட்டினார்கள். அண்ணன் தராசை என் பக்கம் தள்ளினார். இரண்டாவது இதழ் வரவில்லை.

இந்த நினைவு மலருக்கு அவர் முகத்தை வரைந்து தரும்படி ஏட்டுக்காரர்கள் கேட்டார்கள். மூன்று நாள் உட்கார்ந்தேன். பதினைந்து வருஷம் மாதம் தவறாமல் கடையில் பார்த்த முகம். வகிடு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. கண்ணாடி போட்டிருந்தாரா என்பதுகூட நிச்சயமில்லை. அவர் சொன்னது சரிதான். அதற்காக மன்னித்துவிடவில்லை. அவர் நினைவாக நான் வைத்துக்கொள்வது அந்த மதிப்புரை மேல் எனக்குள்ள கோபத்தை மட்டும்தான். இந்தப் பக்கத்தில் அவர் படம் இருக்க வேண்டிய இடத்தைக் காலியாகவே விடச் சொல்லிவிட்டேன்.