கடைசி ஆளோடு நடக்க வேண்டியவன்

போன ஞாயிற்றுக்கிழமை சூசைப்பிள்ளை அண்ணையின் முப்பத்தோராம் நாள் பூசை. முடிந்து வெளியே வந்தபோது, கோயில் வாசலில் அவருடைய மனைவி மேரியக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற உறவினர்களிடம் சொன்னார்:

"இந்தத் தம்பிதான் கடைசி நேரம் அவருக்குப் பக்கத்தில நிண்டவர். மனுசன் தனியச் சாகேல்லை. எனக்கு அது ஒண்டு காணும்."

எல்லோரும் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்தேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்...

அடக்கமா? வெட்கம்!

என் மகள் கராத்தே பழகுவது பேப்பரில் நான் எழுதும் இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்குத் தெரியும். துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு பழைய களஞ்சியம்தான் பள்ளி. தகரக் கூரை, சீமெந்துத் தரை. மாஸ்டர் யோகன் பகலில் வெல்டிங் வேலை, பின்னேரத்தில் கராத்தே. பிள்ளைகள் உள்ளே கத்திக் கத்தி உதைப்பார்கள். கூட்டி வந்த நாங்கள் வெளியே மர வாங்கில் குந்தியிருந்து அரசியல் கதைப்போம்.

ஒருநாள் மாஸ்டர் வெளியே வந்தார். எங்கள் வயிறுகளை வரிசையாகப் பார்த்தார்.

"பிள்ளையள் வேர்த்து ஒழுகுதுகள். நீங்கள் இதில இருந்து வடை தின்னுறியள். நாளைக்கு விடியக் காலமை அஞ்சரைக்கு வாங்கோ. நடப்பம். ஏலுமான ஆக்கள் ஓடுங்கோ."

பன்னிரண்டு பேர் போனோம். பள்ளியிலிருந்து கடற்கரையோரமாகக் கோட்டை வாசல் வரை. பிறகு அதே வழியால் திரும்ப வேண்டும். வாரத்தில் மூன்று நாள். முதல் கிழமை எங்களைக் கண்டு பாய்ந்தோடிய கோட்டைக்குள் மேயும் மான்கள், இரண்டாம் கிழமை திரும்பியும் பார்க்கவில்லை!

மாஸ்டர் போட்டது ஒரேயொரு சட்டம்தான். கடைசி ஆள் தனிய வரக்கூடாது. ஒவ்வொரு நாளும் ஒருவர் முறைவைத்து அவரோடு நடக்க வேண்டும்.

அந்தக் கடைசி ஆள் எப்போதும் சூசைப்பிள்ளை அண்ணைதான். துறைமுகத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்து பென்சன் எடுத்தவர். பாரமான உடம்பு, முழங்கால் வருத்தம் வேறு. பேரனைக் கராத்தேக்குக் கூட்டி வந்தவர், மாஸ்டரின் பேச்சைத் தட்ட முடியாமல் எங்களோடு சேர்ந்தார். வெள்ளை கன்வஸ் சப்பாத்து வாங்கினார். தாம் கண்ட கப்பல்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டே நடப்பார். எனக்கு வியாழக்கிழமை முறை. ஆரம்பத்தில் அந்தக் கதைகளைக் கேட்பதற்காகவே வியாழனை எதிர்பார்த்திருந்தேன்.

பிறகு எனக்கு ஓட்டம் பிடித்துவிட்டது.

நாற்பத்துமூன்று வயதில் ஒருவனுக்கு ஓட்டப் பைத்தியம் பிடித்தால் லேசில் விடுமா? என்னைவிட ஐந்து வயது மூத்தவர் காதர் நானா. மூதூரிலிருந்து வந்து டவுனில் புடைவைக் கடை வைத்திருப்பவர். சீனி வருத்தத்துக்காக எங்களோடு ஓடத் தொடங்கியவர் ஒவ்வொரு நாளும் எனக்கு முதல் கோட்டை வாசலைத் தொட்டுவிடுவார். தொட்டுவிட்டுத் திரும்பி நின்று, அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருக்கும் என்னைக் கேட்பார்:

"என்ன கிளாக்கர், ஃபைல் தேடுறீங்களா?"

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உள்ளே எரியும்.

அந்த வியாழக்கிழமை நல்ல காற்று. கால் இரண்டும் ஓடு ஓடு என்றன. பக்கத்தில் சூசைப்பிள்ளை அண்ணை வழமையைவிட மெதுவாக வந்தார். கப்பல் கதை இல்லை. இடது கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணை, கை?"

"உளையுது தம்பி. ராத்திரி சரிஞ்சு படுத்தனான் போல."

"வயசுதானே" என்றேன். என் கண் முன்னே போய்க்கொண்டிருந்த காதர் நானாவின் முதுகில் இருந்தது.

அவர் அதைக் கவனித்துவிட்டார். "நீர் ஓடும். நான் என்ன, காணாமப் போற ஆளே?"

ஒரு பேச்சுக்காவது 'இல்லை அண்ணை, நிற்கிறேன்' என்று சொன்னேனா? சொல்லவில்லை. ஓடினேன்.

அன்றைக்குக் காதர் நானாவை முந்தினேன். கோட்டை வாசலைத் தொட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கிச் சத்தம் போட்டேன். அவர் மூச்சு வாங்கிக்கொண்டே என் முதுகில் தட்டினார். என் வாழ்க்கையில் நான் வென்ற ஒரே ஓட்டம் அது.

திரும்பி வரும்போது பாதி வழியில் சூசைப்பிள்ளை அண்ணையைக் கண்டோம். கரையில் இழுத்துவிட்டிருந்த தோணியொன்றில் சாய்ந்து இருந்தார். ஒரு சப்பாத்தைக் கழற்றியிருந்தார். கண் திறந்திருந்தது. கொஞ்சம் தள்ளி கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த மீனவர் சொன்னார்: "ஐயா இளைப்பாறுறார் எண்டெல்லோ நினைச்சன்..."

மாஸ்டர் நெஞ்சை அமத்தி அமத்திப் பார்த்தார். காதர் நானா ஓடிப்போய்த் தன் காரைக் கொண்டுவந்தார். ஆஸ்பத்திரியில் டொக்டர் அதிக நேரம் எடுக்கவில்லை.

மேரியக்கா வந்தார். அழவில்லை. எங்களைப் பார்த்துக் கேட்டார்:

"ஆர் அவரோட நிண்டது?"

நான் முந்திக்கொண்டேன்.

"நான்தான் அக்கா பக்கத்தில நிண்டனான். கஷ்டப்படாமப் போட்டார்."

எப்படி அவ்வளவு சுகமாக வந்தது அந்தப் பொய்? மேரியக்காவின் ஆறுதலுக்காகச் சொன்னேன் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால், ஆறுதலுக்குச் சொல்லும் பொய்யில் முதல் ஆறுதல் சொல்பவனுக்குத்தான்.

அடுத்த கிழமை நடக்க நாலு பேர்தான் வந்தார்களாம். நான் போகவில்லை. மகளைக் கூட்டிவரப் போனபோது மாஸ்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "நீங்கள் ஆஸ்பத்திரியில சொன்னது எனக்கும் கேட்டது. நான் மேரியக்காவிட்டச் சொல்லமாட்டன். நீங்கள் சொல்லவேணும்." அவ்வளவுதான். ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

ஞாயிறு கோயில் வாசலில் அந்தக் கை என் கையைப் பிடித்த பிறகு என்னால் தாங்க ஏலவில்லை. திங்கள் பின்னேரம் கச்சேரி வேலை முடிந்ததும் மேரியக்காவின் வீட்டுக்குப் போனேன். கதிரையில் இருக்கச் சொன்னார். இருக்காமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கை உளைந்ததையும் சொன்னேன்.

அக்கா கேட்டார்:

"என்னைக் கூப்பிட்டிருப்பாரோ தம்பி?"

"தெரியாது அக்கா."

"ஓம். உங்களுக்கு எப்பிடித் தெரியும்..."

எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார். தேத்தண்ணி போடப் போகவில்லை என்று எனக்குத் தெரியும். வாசல்படியில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"நீங்கள் சொன்னதை நம்பி நான் ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டன். இனி ஒவ்வொரு ஆளா நான் போய்த் திருத்த ஏலாது. நீங்கள் பேப்பரில எழுதுறனீங்கள்தானே? எழுதுங்கோ."

எழுதிவிட்டேன், அக்கா. அவர் தனியாகத்தான் இருந்தார். நான் ஓடிக்கொண்டிருந்தேன்.