இலக்கம் கூப்பிடும்போது ஆசனத்தில் இருந்தவர்

அக்கா இந்தக் கட்டுரையைப் படித்திருந்தால் முதல் வரியிலேயே, "ஏய், சுத்தி வளைக்காத, விஷயத்துக்கு வா" என்றிருப்பார். அதனால் விஷயத்துக்கே வருகிறேன். எங்கள் அக்கா பாராளுமன்றத்தில் பல கேள்விகள் கேட்டவர். அவற்றில் ஒன்றை நான் பார்வையாளர் மாடத்தில் இருந்து கண்ணால் கண்டேன். அவர் போய் ஒரு வருடமாகியும் அந்தப் பிரமிப்பு என்னை விட்டுப் போகவில்லை. வீட்டில் அவரை நான் நீ, வா, போ என்றுதான் கூப்பிட்டேன். இந்த நினைவு மலரில் "அவர்" என்று எழுதும்போது கை கொஞ்சம் கூசுகிறது. ஆனால் அந்தக் காலையில் அவரைப் பார்த்திருந்தால் நீங்களும் அப்படித்தான் எழுதுவீர்கள்.

அக்கா கொட்டாஞ்சேனையில் பிறந்தார், அங்கேயே படித்தார், அங்கேயே கண்ணை மூடினார். அப்பா துறைமுகத்தில் வேலை செய்தவர். அவர் திடீரென்று காலமானபோது நான் பாலர் வகுப்பில் இருந்தேன், அக்கா பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறுக்குக் காத்திருந்தார். பெறுபேறு வந்ததும் பல்கலைக்கழகத்தை மறந்துவிட்டுத் தபால் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அம்மாவைக் கடைசிவரை பார்த்ததும், என்னைப் படிப்பித்து வெள்ளவத்தையில் கட்டிக் கொடுத்ததும் அந்தச் சம்பளம்தான். அவர் ஏன் திருமணம் செய்யவில்லை என்று கேட்ட உறவினர்கள் இந்த மலரை வாசிக்கிறவர்களிலும் இருப்பீர்கள். அரசியலுக்கு வந்த பிறகு அதற்கு ஒரு பதில் வைத்திருந்தார். "அந்தக் கேள்வி என்ர அமைச்சுக்கு உரியதல்ல" என்பார்.

அரசியலுக்கு அவரைத் தள்ளியது தொழிற்சங்கம். மக்கள் வாக்குப் போட்டார்கள், அக்கா பாராளுமன்றம் போனார். எனக்கோ பயம். மேடையில் முழங்குகிற ஆள் இல்லையே அவர். கவுண்டருக்குப் பின்னால் முத்திரை விற்ற மனுஷி அங்கே போய் என்ன செய்யப் போகிறார் என்று கேட்டேவிட்டேன்.

"அடியே, இவ்வளவு காலமும் கவுண்டரில இருந்து சாட்டுச் சொன்னவள் நான். மணியோடர் ஏன் வரேல்ல எண்டு கேட்டா, பெரியவர் லீவு, நாளைக்கு வாங்கோ. பென்ஷன் எங்க எண்டா, பைல் மேல போயிருக்கு. எந்தச் சாட்டுக்குப் பின்னால என்ன இருக்குதெண்டு எனக்குத் தெரியாதா?" என்றார். கள்ளனுக்குத்தானே கள்ளனின் வழி தெரியும் என்றேன். சிரித்தார்.

ஆனால் அங்கே உள்ள சாட்டு வேறு தரம். ஓர் உறுப்பினர் எழுத்தில் கேள்வி கொடுப்பார். அதற்கு ஓர் இலக்கம் விழும். முறை வருகிற காலையில் அந்த இலக்கத்தைக் கூப்பிடுவார்கள். உறுப்பினர் ஆசனத்தில் இருக்க வேண்டும், எழும்பிக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் கேள்வி பின்னால் தள்ளப்படும், மறுபடி முறை வர எவ்வளவு காலமோ தெரியாது. ஆள் இருந்து கேட்டாலும், அமைச்சர் எழும்பி, "விடை தயாரில்லை, ஒரு மாத அவகாசம் தேவை" என்று சொல்லிவிட்டு ஆசனத்தில் இருந்துவிடலாம். அடுத்த முறையும் அதையே சொல்லலாம். "நாளைக்கு வாங்கோவின்ர பெரியண்ணன்" என்று அக்கா அதற்குப் பெயர் வைத்தார்.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் பாடசாலை ஒன்றின் பரிசளிப்பு விழாவுக்கு அக்காவைக் கூப்பிட்டிருந்தார்கள். வெயிலில் வரிசையில் நின்ற ஒரு பிள்ளை மயங்கி விழுந்தது. அக்கா தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். பிள்ளை வாயை இறுக்கி மூடிக்கொண்டு தலையை ஆட்டியது. "வேண்டாம் மிஸ், குடிச்சா வரும்." என்ன வரும் என்று கேட்டுக்கொண்டே அக்கா பின்பக்கம் போய்ப் பார்த்திருக்கிறார். ஒரு கழிவறைக்குப் பூட்டு, மற்றதில் குழாய் இருக்கிறது, தண்ணீர் இல்லை. காலையில் வீட்டை விட்டுப் புறப்பட்டால் திரும்பி வரும்வரை அந்தப் பெண் பிள்ளைகள் ஒரு மிடறு குடிப்பதில்லை. மாதத்தில் சில நாட்கள் பாடசாலைக்கே வருவதில்லை. புதுக் கழிவறைகளுக்குப் பணம் ஒதுக்கியதாக அறிவிப்பு வந்தது, கட்டடம்தான் வரவில்லை என்று அதிபர் சொன்னாராம். அந்தப் பணம் எங்கே போனது? அதுதான் அக்காவின் கேள்வி.

முதல் முறை இலக்கம் கூப்பிட்டார்கள். அமைச்சர் ஒரு மாத அவகாசம் கேட்டார். இரண்டாம் முறையும் கேட்டார்.

அப்போது அக்காவின் இதயம் பலவீனப்பட்டிருந்தது. உடம்பில் நீர் தேங்கி நெஞ்சை அடைக்கும். அந்த நீர் போவதற்குத் தினமும் காலையில் ஒரு மாத்திரை, தவறவிடவே கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இந்த நோய் வீட்டாரைத் தவிர வேறு யாருக்கும் தெரியக்கூடாது என்று அக்கா எங்கள் வாயைக் கட்டியிருந்தார். இரண்டாவது அவகாசத்துக்கு மறுநாள் நான் வெள்ளவத்தையில் இருந்து பஸ் பிடித்துப் போனேன். அக்காவின் கால்கள் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தன. தலையணை அடுக்கிச் சாய்ந்துகொண்டு மூச்சு வாங்கினார்.

"மாத்திரை போட்டனியா இல்லையா?"

"இண்டைக்குப் போட்டனான்."

"நேற்று?"

போர்வையை இழுத்துக் கால்களை மூடினார். எனக்கு விளங்கிவிட்டது. அதைப் போட்டால் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை எழும்பிக் கழிவறைக்கு ஓட வேண்டும். ஓடிய நேரத்தில் இலக்கத்தைக் கூப்பிட்டால்? அதனால் கேள்வி வருகிற காலைகளில் மாத்திரையும் இல்லை, தேத்தண்ணியும் இல்லை.

நான் வெடித்தேன். "உனக்கென்ன விசரா? கக்கூஸ் கேள்விக்கு உயிரை விடப் போறியா? உன்ர கட்சியில வேற ஆள் இல்லையா கேக்கிறதுக்கு?"

"கேப்பினம். பதிலையும் கேட்டுட்டு இருந்திடுவினம். அதுக்குப் பிறகு எழும்பிக் கேக்கிறதுதானடி கேள்வி" என்றார். பிறகு, நான் அழுவதைப் பார்த்து, மெதுவாகச் சொன்னார். "அந்தப் பிள்ளையள் ஒவ்வொரு நாளும் செய்யிறதை நான் மாசத்தில ஒரு நாள் செய்யிறன். பேசாம இரு."

"அப்ப அந்த அமைச்சருக்காவது உன்ர நெஞ்சு வருத்தத்தைச் சொல்லு. மனுஷன்தானே, இரங்குவார்."

"வாயைத் திறந்தியெண்டா இந்த வீட்டுப் படி ஏறாத" என்றார் அக்கா. அவர் என்னிடம் அவ்வளவு கடுமையாகப் பேசியது அந்த ஒரு முறைதான்.

மூன்றாம் முறை நானும் போனேன். வாசலில் கைப்பையையும் போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். மாடத்தில் கதைக்கக்கூடாது, கை தட்டக்கூடாது. பூசை தொடங்குவதற்கு முன் கோயிலில் இருக்குமே, அப்படி ஓர் அமைதி. அக்காவைத் தேடினேன். நேராக, அசையாமல், உதடு காய்ந்து இருந்தார். ஏனையவர்கள் எழும்பினார்கள், வெளியே போனார்கள், வந்தார்கள், சிரித்தார்கள். அக்கா அசையவில்லை. ஏன் என்று அந்தச் சபையில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

இலக்கம் கூப்பிட்டார்கள். அக்கா எழும்பிக் கேட்டார். அமைச்சர் எழும்பினார், ஒரு மாத அவகாசம் கேட்டார்.

அக்கா திரும்ப இருக்கவில்லை, நின்றபடியே தொடர்ந்தார். "கௌரவ சபாநாயகர் அவர்களே, அவகாசம் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் காலையில் இருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். இப்போது இந்த நிமிடத்திலும் அப்படித்தான் இருக்கிறார்கள். இன்னும் ஒரு மாதத்துக்கு அடக்கிக்கொண்டிருங்கள் என்று அவர்களிடம் நான் போய்ச் சொல்லட்டுமா, அமைச்சரே வந்து சொல்வாரா?"

அக்காவின் தமிழ், சிங்கள மொழிபெயர்ப்பாகி மற்றவர்களின் காதில் விழ ஒரு கணம் எடுத்தது. பிறகு சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அமைச்சர் அதிகாரிகள் இருந்த பக்கம் பார்த்தார். கோட் சூட் போட்ட பெரியவர்கள் குனிந்து குசுகுசுத்தார்கள், ஒருவர் ஓடினார், ஒரு துண்டுக் காகிதம் வந்தது. கொட்டாஞ்சேனைச் சந்தியில் மீன்காரரோடு விலை பேசிச் சண்டை பிடிக்கிற என் அக்காவுக்காக இந்த நாட்டின் அரசாங்கம் எழும்பி நின்று துண்டு தேடியது. அம்மாடி! எனக்குப் புல்லரித்தது. இதைச் செய்யத்தான் நாங்கள் வரிசையில் நின்று வாக்குப் போடுகிறோமா என்று, இத்தனை வயதுக்குப் பிறகு, அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அமைச்சர் துண்டை வாசித்தார். ஒதுக்கிய பணத்தில் பாடசாலையின் முன்மதிலும் வாயில் வளைவும் கட்டப்பட்டதாம். பிரமுகர் ஒருவர் வருவதாக இருந்ததாம்.

"வளைவு அழகாகத்தான் இருக்கிறது" என்றார் அக்கா. "பிள்ளைகள் மதிலுக்குப் பின்னால் போகட்டும் என்கிறாரா?"

சபை சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கழிவறை எப்போது?"

அமைச்சர் துண்டைக் கீழே வைத்தார். "இந்தத் தவணை முடிவதற்குள். நான் பொறுப்பு" என்றார்.

வெளியே வந்ததும் அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு நேரே கழிவறைக்குத்தான் போனார். கை கழுவும்போது குழாயைப் பார்த்து, "இங்க தண்ணி நல்லா வருது" என்றார். வாகனத்தில் ஏறியதும் மாத்திரையைப் போட்டார்.

வேலை தொடங்கியதை அக்கா பார்த்தார். த்ரீவீலரில் போய், அதிபர் போட்ட கதிரையில் இருந்து, கல் அடுக்குவதை நெடுநேரம் பார்த்தார். அதிபருக்குப் பயம், மேசனுக்கு அதைவிடப் பயம். கழிவறைகளுக்குக் கதவு பொருத்துவதற்கு முன் அக்கா எங்களை விட்டுப் போய்விட்டார். தவறவிட்ட அந்த மாத்திரைகளாலா என்று டொக்டரிடம் கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது, இதயம் ஏற்கெனவே களைத்துவிட்டது என்றார். நான் அதை நம்பவுமில்லை, நம்பாமலுமில்லை. அக்கா மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அவரை நினைத்தால் தலை நிமிர்ந்தும்விடுகிறது. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இந்த வருடத்தைக் கழித்தேன். தவணை முடிந்து சில நாள் பிந்தித்தான் கதவு திறந்தது, ஆனால் திறந்தது. இப்போது அந்தப் பிள்ளைகள் தண்ணீர்ப் போத்தலோடு போகிறார்கள்.

இனி நன்றி. கடைசி நாட்களில் கஞ்சி வைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும், மூச்சு முட்டிய போதெல்லாம் வந்து பார்த்த டொக்டருக்கும் தாதிமாருக்கும், செபமாலை சொன்ன பங்கு மக்களுக்கும், இறுதிப் பூசை ஒப்புக்கொடுத்த குருவானவருக்கும், அக்காவின் பழைய கவுண்டர்த் தோழிகளுக்கும், மழையில் வந்து நின்ற அந்தப் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அந்த அமைச்சருக்கும் நன்றி சொல்ல வேண்டும். செத்த வீட்டுக்கு வந்தார். பெட்டியருகில் நின்று கும்பிட்டுவிட்டு என்னிடம் வந்தார். யாரோ அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்கள், மாத்திரை விஷயம் உட்பட. முகம் வெளிறியிருந்தது. "எனக்குத் தெரியாதே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முதல் நாளே பதில் கொடுத்திருப்பேனே" என்றார் சிங்களத்தில்.

நானும் சிங்களத்திலேயே சொன்னேன். "அதனால்தான் ஐயா சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீங்கள் என் அக்காவுக்காகப் பதில் கொடுத்திருப்பீர்கள். அவர் கேட்டது பிள்ளைகளுக்காக."

அவர் பதில் சொல்லவில்லை. அவகாசமும் கேட்கவில்லை. பெட்டி எடுக்கும்வரை அங்கே ஒரு பிளாஸ்டிக் கதிரையில் எழும்பாமல் இருந்தார்.