மச்சான் ஊற்றிய இரண்டு லிட்டர் ஆயில்

போன சித்திரையில் திருச்சுழிப் பக்கம் போய் வந்ததை எழுத இத்தனை நாள் கை வரவில்லை. வழக்கமாக இங்கே சாலை, சாப்பாடு, தங்குமிடம் என்று எழுதுவேன். இது அப்படிப்பட்ட பயணம் இல்லை. டர்போ கார் வைத்திருப்பவர்கள், அதை ஊர்ப்பக்கம் ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். இதில் இறந்துபோனவர் என் மனைவியின் அண்ணன். அவருடைய மனைவி சம்மதித்த பிறகே எழுத உட்கார்ந்தேன். பெயர்கள் வேண்டாம்.

எங்கள் மகனுக்குக் காது குத்து வைத்திருந்தோம். தாய்மாமன் மடியில் உட்கார்த்திக் குத்த வேண்டும். போனில் சொன்னால் அது முறை ஆகாது. வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைக்க வேண்டும். மனைவிக்கு விடுப்பு கிடைக்கவில்லை என்பதால் நான் மட்டும் கிளம்பினேன். கோயம்புத்தூரில் காலை ஐந்து மணிக்கு எடுத்த வண்டி. தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை, காரியாபட்டி, அருப்புக்கோட்டை. அதுவரை சுமார் 265 கிலோமீட்டர். வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் நின்று பொங்கலும் வடையும் சாப்பிட்டேன், தொண்ணூறு ரூபாய், பொங்கல் சுமார்தான். பதினோரு மணிக்கெல்லாம் அருப்புக்கோட்டையைத் தாண்டி திருச்சுழிச் சாலையில் திரும்பிவிட்டேன்.

அந்தச் சாலையைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு பக்கமும் கரிசல், சீமைக்கருவேலம், மறுபடியும் கரிசல். கொத்தமல்லி எடுத்து முடித்த காடுகளில் கோடை உழவு நடந்துகொண்டிருந்தது. கண்மாய்களில் ஆடு மேய்ந்தது. நிழல் என்று நிற்க ஒரு மரம் தேடினால் கிலோமீட்டர் கணக்கில் போக வேண்டும். ஏ.சி.யை முழுதாக வைத்தும் கண்ணாடி சுட்டது. குடிக்கத் தண்ணீர் அருப்புக்கோட்டையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

மச்சான் வீடு திருச்சுழியிலிருந்து உள்ளே ஆறு கிலோமீட்டர். பதினைந்து ஏக்கர் மானாவாரி, ஒரு பழைய டிராக்டர். ஐம்பத்திரண்டு வயது, வாட்டசாட்டமான ஆள். அழைப்பு வைத்தேன், கோழி அடித்தார்கள், சாப்பிட்டுவிட்டு அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன். எழுந்து பார்த்தால் வாசலில் நின்ற என் காரைத் தேய்த்துக் கழுவி வைத்திருந்தார். பின்னால் ஒரு மூட்டை மல்லியும் வற்றலும் ஏற்றியாகிவிட்டது. அந்தப் பக்கத்தில் விருந்துக்கு வந்த வண்டி வெறும் வண்டியாகத் திரும்பக் கூடாது.

இரவு சாப்பாட்டின்போதுதான் சொன்னார்.

"மாப்ள, ஒங்க வண்டியில எண்ணெ பாதிதான் இருந்துச்சு. நான் ரெண்டு லிட்டரு ஊத்திட்டேன்."

"எந்த ஆயில் மச்சான்?"

"நம்ம டிராக்டருக்கு ஊத்துறதுதான். நல்ல கெட்டி எண்ணெ, வெயிலுக்குத் தாங்கும். நம்ம வீட்டுக்கு வந்த வண்டி பட்டினியாப் போகலாமா?"

இதை அறியாமை என்று யாரும் சிரிக்க வேண்டாம். அவருடைய டிராக்டர் ஆயில் குடிக்கும். உழவு மும்முரத்தில் நடுக்காட்டில் நின்றுவிடக் கூடாது என்று, அளவுக்கம்பியின் மேல்கோட்டைத் தாண்டி ஊற்றித்தான் அங்கே எல்லோரும் ஓட்டுகிறார்கள். பழைய டிராக்டர் அதைத் தாங்கிக்கொள்ளும். என் காரின் கம்பியில் ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றது. அது சரியான அளவு. அவர் கண்ணுக்கு அது பாதி வயிறு. இரண்டு லிட்டர் கூடுதல் என் காருக்கு ஆகாது. காலையில் டவுனுக்குப் போய் முழுவதையும் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றிக்கொள்ளலாம், இப்போது சொல்லி அவர் முகத்தை வாட வைப்பானேன் என்று சாப்பிட்டு எழுந்தேன்.

விடியற்காலையில் அக்கா, அதாவது மச்சானின் மனைவி, என்னை எழுப்பினார்.

"தம்பி, அவுகளுக்கு நெஞ்ச அமுக்குதாம். வேர்த்து ஊத்துது."

மச்சான் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "ஒண்ணுமில்ல மாப்ள, வாயுவா இருக்கும்" என்றார். முகம் வெளுத்திருந்தது. ஆயிலைப் பற்றி நினைக்கிற நேரமா அது? மூட்டையை இறக்கிப் போட்டுவிட்டு இரண்டு பேரையும் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். மேடும் பள்ளமுமான சாலை, மெதுவாகத்தான் போக முடிந்தது. கார் ஒரு குறையும் சொல்லாமல் ஓடியது.

அருப்புக்கோட்டையில் ஒரு மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுத்தார்கள். மாத்திரை கொடுத்தார்கள். மாரடைப்பு, மதுரைக்குக் கொண்டுபோனால்தான் அடைப்பை நீக்க முடியும், தாமதம் கூடாது என்றார் டாக்டர். அங்கிருந்த ஆம்புலன்ஸ் வேறொரு நோயாளியுடன் மதுரைக்குப் போயிருந்தது. அது வரும்வரை காத்திருப்பதா, கையில் இருக்கிற காரை எடுப்பதா? காரை எடுத்தேன். ஐம்பது கிலோமீட்டர், நாலு வழிச் சாலை. இந்தக் காருக்கு அது முக்கால் மணி நேர வேலைகூட இல்லை.

பாளையம்பட்டியைத் தாண்டியதும் மிதித்தேன். நூறு, நூற்றுப் பத்து. பின்னால் மச்சான் அக்கா மடியில் தலை வைத்துப் படுத்திருந்தார். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனதும் ஒரு விசில் சத்தம் கேட்டது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் சாலையே தெரியவில்லை, நீலமும் வெள்ளையுமாகப் புகை. மிதி மிதி என்று மிதித்தும் வேகம் ஏறவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது. காரியாபட்டிக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர் முன்னால் வண்டி ஓரமாக நின்றுவிட்டது. நான் 108-க்குப் போன் போட்டேன்.

"மாப்ள" என்று கூப்பிட்டார் மச்சான். குனிந்தேன்.

"எண்ணெ பத்தலையோ? இன்னொரு லிட்டரு ஊத்தியிருக்கணும். டின்னுல இருந்துச்சு."

"அதெல்லாம் இல்ல மச்சான். நீங்க பேசாம இருங்க."

கை காட்டியதற்கு நின்ற வண்டி ஒன்றே ஒன்று. பந்தல்குடியிலிருந்து மதுரைக்குக் கத்தரிக்காய் லோடு ஏற்றிப்போன சின்ன வேன். டிரைவர் எட்டிப் பார்த்தவர், கூட வந்தவரிடம் "ஏலே, மூட்டையத் தள்ளு, ஆளப் படுக்க வைக்கணும்" என்று கத்தினார். என்னிடம், "ஆம்புலன்ஸ காரியாபட்டிக்கு வரச் சொல்லுங்கண்ணே. நாம அதுக்குள்ள போயிருவோம்" என்றார். மூட்டைகளுக்கு நடுவில் அக்கா கால் நீட்டி உட்கார்ந்து அவரை மடியில் வாங்கிக்கொண்டார். காரியாபட்டியில் ஆம்புலன்ஸுக்கு மாற்றினோம். மதுரை ரிங் ரோட்டுக்கு முன்னாலேயே அவர் மூச்சு நின்றுவிட்டது. உள்ளே இருந்தவர்கள் நெஞ்சை அழுத்தி அழுத்திப் பார்த்தார்கள்.

அரை மணி முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று மதுரை டாக்டரிடம் கேட்டேன். "சொல்ல முடியாது" என்றார். பிழைத்திருக்க மாட்டார் என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். அந்த மனிதர் மேல் இன்னும் எனக்குக் கோபம் இருக்கிறது. அது நியாயமில்லாத கோபம் என்றும் தெரியும்.

காரை மதுரையில் ஒரு பட்டறைக்கு இழுத்துப் போனார்கள். நாலு லிட்டர் பிடிக்கிற இன்ஜினில் கிட்டத்தட்ட ஆறு லிட்டர் இருந்தது. அளவுக்கு மேல் ஆயில் இருந்தால் உள்ளே சுழலும் கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும். இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தருகிற டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுவது. அதற்கு மெல்லிய, சுத்தமான ஆயில் விடாமல் போக வேண்டும். நுரை போனால் தண்டு காய்ந்து பிடித்துக்கொள்ளும். மிதமான வேகத்தில் தெரியாதது, வேகம் எடுத்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

ஆகவே சொல்கிறேன். உங்கள் காருக்கு எந்த ஆயில் என்பது கூடவே வந்த புத்தகத்தில் இருக்கிறது. என்னுடையதற்கு 5W-30, டர்போ பெட்ரோலுக்கு என்று குறித்தது. டிராக்டருக்கு ஊற்றுவது 20W-40. வெயில் ஊர் என்பதற்காகக் கெட்டி ஆயிலுக்குத் தாவ வேண்டாம். காலையில் இன்ஜின் சூடாவதற்கு முன், சமதரையில் நிறுத்திக் கம்பியைப் பாருங்கள். இரண்டு கோட்டுக்கு நடுவில் இருந்தால் போதும். மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் வடித்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். கரிசல் புழுதியில் ஓடும் வண்டிக்கு ஆயிலையும் காற்று ஃபில்டரையும் சொன்ன கிலோமீட்டருக்கு முன்னாலேயே மாற்றுங்கள். வேகமாக வந்து நின்றதும் சாவியைத் திருப்பாமல் ஒரு நிமிடம் சும்மா ஓட விடுங்கள். ஊருக்குப் போனதும் பானெட்டை யாரும் திறக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். நெஞ்சுவலி என்றால் முதல் வேலையாக 108-ஐக் கூப்பிடுங்கள், கார் எவ்வளவு பெரிய காராக இருந்தாலும்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நானும் மனைவியும் பஸ்ஸில் போனோம். எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, நெசத்தச் சொல்லுங்க. அவுக ஊத்துன எண்ணெயாலதான வண்டி நின்னுச்சு?"

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"ரோட்டுல நின்னப்பவே ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா. புகையப் பார்த்ததுமே தெரிஞ்சு போச்சு."

"தெரிஞ்சும் அவுககிட்ட இல்லன்னுதான சொன்னீக?"

"ஆமாக்கா."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கொறச்சலா ஊத்திட்டோமேன்னு நெனச்சுக்கிட்டே போயிட்டாக. அது அப்படியே இருக்கட்டும்."