ஆட்டத்தில் பட்ட அடி

நனைந்த மண்ணில் மரத்தூள் கலந்த வாசனை இருக்கிறதே... இன்றும் ஏதாவது மரக்கடையைத் தாண்டிப் போனால் கால் தானாக நின்றுவிடும். எங்கள் கபடி மைதானத்தின் வாசனை அது.

பொங்கல் போட்டி என்றால் காலையிலேயே மண்ணை நனைத்து, மரத்தூள் தூவி, வெறுங்காலால் மிதித்துச் சமன் செய்வோம். சுண்ணாம்புத் தூளில் கோடு. சுற்றிலும் சவுக்குக் கட்டை நட்டுக் கயிறு.

திருமழிசையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் கிராமம். பெயர் வேண்டாம். படிக்கிற உங்களில் சிலருக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஊர் என்று ஒரு பக்கம், காலனி என்று ஒரு பக்கம். நான் காலனி. அப்போதுதான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் கம்பெனியில் சேர்ந்திருந்தேன். ஊர்ப்பக்கத்து பாபுவுக்கும் அங்கேதான் வேலை. கேன்டீனில் ஒரே மேஜை, பஸ்ஸில் ஒரே சீட். எங்கள் ஸ்டாப் வந்ததும் அவன் முன்வாசலில் இறங்குவான், நான் பின்வாசலில் இறங்குவேன். யாரும் சொல்லித் தரவில்லை, அப்படியே பழகிவிட்டது.

பாபு ஊர் அணியின் ரெய்டர். எங்கள் அணியில் கார்னர் நிற்பது செல்வம், என் பக்கத்து வீட்டுக்காரன். கணுக்காலைப் பிடித்தான் என்றால் உடும்புப் பிடிதான். ஒரு பெரிய தொழிற்சாலையின் அணிக்கு செலக்‌ஷனுக்கு வரச் சொல்லியிருந்தார்கள் அவனை. எடுத்துவிட்டால் நிரந்தர வேலை. அம்மாவைச் செங்கல் சூளைக்குப் போகவிடாமல் வீட்டில் உட்கார வைத்துவிடலாம் என்று அதே பேச்சாகத் திரிந்தான்.

அந்த வருஷம் ஃபைனலில் ஊரும் காலனியும். கடைசி ரெய்டுக்கு பாபு வந்தான். செல்வம் பாய்ந்து காலைப் பிடிக்க, பாபு குப்புற விழ, நாங்கள் மொத்தப் பேரும் மேலே விழுந்து அமுக்கினோம். விசில் ஊதினார்கள். எங்கள் பக்கத்துப் பெண்கள் ஓவென்று சிரித்துக் கை தட்டினார்கள்.

பாபு எழுந்தான்... வாயிலிருந்த மண்ணைத் துப்பினான்... செல்வத்தின் தோளில் தட்டி, "செம புடி மச்சான்" என்றான். அவனுக்குக் கோபமே இல்லை.

கோபம் வந்ததெல்லாம் கயிற்றுக்கு வெளியே நின்ற ஊர்க்காரர்களுக்கு. "எவன் ஊட்டுப் புள்ளைய எவன்டா மண்ணுல போட்டு அமுக்கறது?" என்று ஒரு குரல். தொடாமல் கபடி ஆடுவது எப்படி என்று அந்தப் புண்ணியவான்தான் சொல்ல வேண்டும்.

காலனிக்குத் திரும்ப ஊர்த் தெருவைத் தாண்டித்தான் ஆக வேண்டும். செல்வம் கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்தான். டீக்கடை முனையில் வழி மறித்து நின்றார்கள், பாபுவின் சித்தப்பா முன்னால். மைதானத்தில் பிடுங்கிய சவுக்குக் கட்டை எல்லார் கையிலும். எங்களைத் தள்ளிவிட்டு செல்வத்தின் காலை மட்டும் குறிவைத்து அடித்தார்கள். முட்டியில் கட்டை விழுந்த சத்தம்... அதை எழுத எனக்கு இப்போதும் வரவில்லை.

ஆஸ்பத்திரியிலேயே பஞ்சாயத்து முடிந்துவிட்டது. எங்கள் காலனிப் பெரியவர்தான் செல்வத்தின் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்.

"நைனா, நாளைக்கும் நாம அந்தத் தெருவுலதான் போவணும், வரணும். கேஸுன்னு போனா ஊடு ஊடா பூந்து அடிப்பானுங்கோ. ஆட்டத்துல பட்ட அடின்னு சொல்லிடு."

டாக்டரிடமும் போலீஸிடமும் செல்வம் அதையே சொன்னான். செலக்‌ஷன் நாளன்று காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தான். அவன் அம்மா சூளைக்குப் போயிருந்தார்.

கேன்டீனில் பாபு என் எதிரில் வந்து உட்கார்ந்தான். "சத்தியமா நான் ஒண்ணும் ஏத்திவுடல மச்சான்" என்றான்.

"தெரியும்டா. ஸ்டேஷனுக்கு வந்து நடந்தத மட்டும் சொல்லு" என்றேன்.

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். மறுநாளிலிருந்து வேறு மேஜை. நல்லவன்தான்... அந்த நல்லவனால் எங்களுக்குப் பத்துப் பைசா பிரயோஜனம் இல்லை.

இதில் பெரிய கூத்து, அடுத்த பொங்கலுக்குக் கபடியே கூடாது என்று இரண்டு பக்கமும் கூடி முடிவெடுத்ததுதான். கபடி ஆடினால் சண்டை வருகிறதாம், கை கால் போகிறதாம். கட்டை எடுத்தவன் டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான், தண்டனை கபடிக்கு!

இப்போது மறுபடியும் போட்டி நடக்கிறது. மண்ணும் மரத்தூளும் போய் மேட் வந்துவிட்டது. லைட், டிஜே, ஜெர்சி எல்லாம் உண்டு. ஜெர்சியில் இருக்கும் அணியின் பெயரைப் படித்தாலே எந்தத் தெரு என்று தெரிந்துவிடும். 'விளையாட்டு நம்ம பசங்கள முரடனாக்குது' என்று கம்பெனியில் ஒருவர் வருத்தப்பட்டார். எனக்கு எரிச்சலில் சிரிப்புதான் வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை செல்வத்தைப் பார்க்கப் போனேன். குமணன்சாவடியில் ஒரு டூ வீலர் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கிறான். மடக்க வராத காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். சாப்பாடு கொண்டுவந்த மகள் பக்கத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். எட்டாவது படிக்கிறாள். ஸ்கூல் கபடி டீமில் எடுத்திருக்கிறார்களாம், இவன் விடமாட்டேன் என்கிறானாம்.

"இந்தக் காலு எப்டிம்மா போச்சு? ஆட்டத்துல உழுந்துதான போச்சு?" என்றான் அவளிடம்.

அவள் டீ வாங்கப் போனதும் கேட்டேன். "பெத்த பொண்ணுகிட்டயுமாடா அந்தப் பொய்?"

"வேற இன்னா சொல்லச் சொல்ற? ஆட்டம்னா ஆடாம இருந்துக்கும். தெருவுல அடிச்சாங்கன்னா? டெய்லி அந்தத் தெரு வழியாதான மச்சான் ஸ்கூலுக்குப் போவுது..."

அவள் டீயோடு திரும்பி வந்தாள்.

"மாமா, நீயும் அப்பாகூட ஆடினதான... நீயே சொல்லு. அவ்ளோ மோசமான ஆட்டமா அது?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். செல்வம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமாம்மா" என்றேன்.