குரங்குக்குப் போட்ட சோறு

இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஒருநாள் தென்காசியிலிருந்து ரயிலேறித் திருவனந்தபுரம் மிருகக்காட்சிசாலைக்குப் போனேன். மிருகம் பார்ப்பது சாக்குத்தான். அந்த ஊரில் வாழ்க்கைப்பட்ட என் அக்காளைப் பார்க்கவே போனேன். அங்கே அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கைத் தின்று கிடந்தார்கள். அரிசியாகக் கொண்டுபோனால் சமஸ்தான எல்லையில் சோதனைக்காரர்கள் பிடுங்கிவிடுவார்கள் என்று தூக்குவாளி நிறையப் புளிச்சோறு கிண்டிப் போயிருந்தேன்.

அங்கே வரச் சொல்லியிருந்த அக்காளோடு குரங்குக் கூண்டருகே உட்கார்ந்தேன். வாளியைத் திறந்ததும் முதல் உருண்டையைக் கூண்டுக்குள் எறிந்தேன். குற்றாலத்தில் குரங்குக்குப் போடாமல் நாங்கள் தின்பதில்லை, கை பழகிவிட்டது.

"ஏட்டி, என்ன காரியம் பண்ணுத!"

அக்காள் கம்பிக்குள் கையை விட்டாள். குரங்கு பிறாண்டியது. அவள் விடாமல் உருண்டையை எடுத்து, மண்ணை ஊதி, முந்தானையில் வைத்தாள். எங்கள் வீட்டில் வேலையாட்களுக்கெல்லாம் சோறு அள்ளிப்போட்ட கை அது.

"நீ ஒரு வாய் தின்னுக்கா."

"வேண்டாம்ட்டி. வீட்டுல பிள்ளைக பசியோட கெடக்கு."

மிச்சச் சோற்றையும் முந்தானையில் கொட்டி முடிந்துகொண்டாள். வேறு ஒரு மிருகத்தையும் நாங்கள் பார்க்கவில்லை. வாசலில் நின்று, "அடுத்தாப்புல எப்பம் வருவ?" என்றாள். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. என் கையிலிருந்த காலி வாளியைப் பார்த்துக் கேட்டாள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்கும் குற்றாலத்தில் குரங்கு கை நீட்டினால், கட்டுச்சோற்றை அவிழ்க்காமலே திரும்பிவிடுகிறேன்.