வரைபடத்தில் பச்சையாக இருந்த ஏரி

"ஐப்பசி கடைசி ஞாயிறு. இரண்டாம் பூசை முடிந்தும் மழை விடவில்லை. ஏரி உள்வாயில் பிட்ச் முழுகிவிட்டது. ஸ்டம்ப் ஒன்று மட்டும் தலை நீட்டிக்கொண்டிருக்கிறது. மாடியில் குடியிருக்கும் பையன்கள் அதன் மேல் ஹெல்மெட்டைக் கவிழ்த்து வீடியோ எடுத்தார்கள்."

தினக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் நான் எழுதி வைத்தது இது. எது என்றைக்கு நடந்தது என்று குறித்து வைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. பழைய மாவட்டக் கையேடுகளைத் தேடிப் படிப்பதும் அதே வியாதியின் இன்னொரு பிரிவு என்பாள் மனைவி.

எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரியைத் தாண்டி, ஒரகடம் போகும் வழியில் இருக்கிறது. எங்கள் வீட்டின் பின்சுவருக்கும் ஏரிக்கரைக்கும் நடுவே ஒரு தெருதான். மாடி அறைகளில் தெற்கத்திப் பையன்கள் வாடகைக்கு இருந்தார்கள். எல்லோரும் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. திருநெல்வேலிப் பக்கத்து ஊரிலிருந்து வந்த ஒருவனை மற்றவர்கள் கேப்டன் என்றே கூப்பிட்டார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம்.

மாசியில் ஏரி வற்றியதும் அவர்கள் உள்வாயில் இறங்கிவிடுவார்கள். கருவேலம் முள்ளை வெட்டி, தேவாலயக் கட்டட வேலைக்கு வந்த உருளையை இரவல் வாங்கி, பிட்ச் போடுவார்கள். ஞாயிறு மதியம் எங்கள் தண்ணீர்த் தொட்டியில் பந்து வந்து விழும் சத்தம் எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. அந்த மைதானம் கேப்டனுக்கு எவ்வளவு பெரிது என்பது எங்களுக்குத் தெரியும். சுங்குவார்சத்திரத்தில் லாட்ஜுக்குப் பின்னால் அவன் ஆடிய இடம் வேன் நிறுத்துமிடமாகிவிட்டது. படப்பையில் ஆடிய இடத்தில் மனைக்கல் நட்டுவிட்டார்கள். எங்கே ஆடினாலும் பின்னாலேயே மதில் வந்தது. "இந்த ஏரிக்குள்ள எவன் வந்து மதில் கட்டுவான் அண்ணாச்சி?" என்று சிரிப்பான்.

ஆண்டுதோறும் ஈஸ்டர் என்கிற உயிர்ப்பு ஞாயிற்றுக்கு மறுநாள் எங்கள் தேவாலயப் பங்கு அணிக்கும் தெற்கத்தி அணிக்கும் பந்தயம். ஷாமியானா, மைக் செட், ஃபாதர் கையால் கோப்பை. அந்த மழைக்கு அடுத்து வந்த உயிர்ப்புத் திங்களன்றுதான் டேப்லெட்டைக் கையில் பிடித்தபடி ஒருவர் கரையேறி வந்தார். எங்கள் வட்டாரம் முழுவதற்கும் நிலப்பயன்பாட்டுத் திட்டம் தயாராகிறது, எந்த இடம் இப்போது என்னவாக இருக்கிறது என்று பதிவு செய்ய வந்திருக்கிறேன் என்றார்.

"இது என்ன இடம்ப்பா?"

"கிரவுண்டு சார்," என்றான் கேப்டன். "வெயில்ல ஏன் நிக்கீய? அம்பயரா நில்லுங்க. எங்க அம்பயருக்கு ஓ.டி. போட்டுட்டாவ."

ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்த எங்கள் தேவாலய உபதேசியார் தலை நிமிராமலே சொன்னார்: "கிரவுண்டுன்னே போட்டுக்கோ சார். போன வருசம் கப்பு நம்மளுதுன்னும் சேத்து எழுதிக்கோ."

டேப்லெட்டோடு வந்தவர் உண்மையிலேயே நடுவராக நின்றார். எங்கள் பங்கு அணியின் முதல் ஆளுக்கே எல்.பி. கொடுத்தார். "இன்னா சார், அவங்க பிரியாணிய துன்னுட்டு வந்துட்டியா?" என்று கரையிலிருந்து கூச்சல். அன்றைக்கு அங்கே இருந்த யாரும் அந்த இடத்தை ஏரி என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. தண்ணீர் இல்லாத மாதங்களில் நாங்கள் அதை கிரவுண்டு என்றுதான் அழைத்துப் பழகியிருந்தோம்.

ஆடி மாதம் வரைவு வரைபடத்தை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டினார்கள். கேப்டன் ஷிப்ட் முடிந்து படியேறாமல் நேரே எங்கள் கூடத்துக்கு வந்தான்.

"அண்ணாச்சி, பாத்தீயளா! கவர்மெண்டு மேப்புல நம்ம கிரவுண்டு வந்துட்டுல்லா! பச்ச கலரு, விளையாட்டுத் திடல்னே போட்டிருக்கு!"

மனைவி சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்: "மழ வரட்டும். ஒன் கிரவுண்டு எங்க வூட்டு வாசப்படில வந்து நிக்கும். அப்ப மேப்பு வந்து எறைக்குமா?"

"அக்கா, நீங்க எப்பவும் ஆப்போசிட் டீம்தான்."

அவன் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் வரைபடத்தோடு சுற்றுச்சூழல் மதிப்பீட்டு அறிக்கை ஒன்றும் இருந்தது. அதை வாங்கி வந்து வரி வரியாகப் படித்தேன். நல்ல அறிக்கை. ஒரு தொழிற்சாலை அனுமதி கேட்கும்போது தன் மதிலுக்குள் விழும் மழைக்கு மட்டுமே பதில் சொல்கிறது; எல்லா மதில்களுக்குள்ளும் விழுந்த மழை ஒன்றாகச் சேர்ந்தால் எங்கே போகும் என்று கேட்க ஆளில்லை. இந்த அறிக்கை அதைத்தான் கேட்டது. எந்த நிலம் எதற்கு என்று நிறம் தீட்டி முடிப்பதற்கு முன்பே கேட்டது. எத்தனையோ வருடமாக நான் எதிர்பார்த்திருந்த கேள்வி.

ஆனால் நீர்நிலைப் பட்டியலில் எங்கள் ஏரி இல்லை. திடலுக்குத் தண்ணீர்க் கணக்கு கிடையாது. மேட்டுப் பக்கத்துத் தொழிற்சாலைக் கூரைகளின் மழை முழுவதும் எங்கள் ஏரியைத் தாண்டிக் கீழே போவதாக எழுதியிருந்தது. திடல் என்றால் நாளைக்கு மண்ணடித்து உயர்த்தலாம். உயர்த்தினால் அந்தத் தண்ணீருக்கு எங்கள் தெருவைத் தவிர வேறு வழியில்லை.

அன்று மாலை இதைக் கேப்டனிடம் சொல்லி, நீர்நிலைக்குரிய நீல நிறம்தான் வேண்டும் என்றேன்.

"அப்ப நீலக் கலர் அடிச்சா எங்கள ஆட விட மாட்டாவளா?"

"வேலி போட்டாலும் போடுவாங்கப்பா."

அவன் எழுந்து மாடிக்குப் போய்விட்டான்.

உபதேசியாரும் நானும் திட்ட அலுவலகத்துக்குப் போனோம். பழைய பதிவுகளில் ஏரி என்று இருந்து இன்று தண்ணீரே தேங்காத இடங்கள் பல உண்டு, சமீபத்தில் தண்ணீர் நின்றதற்கு ஆதாரம் கொண்டுவாருங்கள் என்றார்கள். என் காலண்டர் தாள்களைக் காட்டினேன். மரியாதையாகப் பார்த்துவிட்டு, படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். படம் கேப்டனின் போனில் இருந்தது. அவனிடம் அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மனைவிதான் மாடிப்படியில் மறித்துக் கேட்டாள்.

"தண்ணி நின்ன படத்த போன்ல வச்சிக்கினு கீற. குடுப்பியா, மாட்டியா?"

"யோசிச்சுச் சொல்லுதேன் அக்கா," என்றான். அதன்பின் அவன் எங்கள் வாசல் வழியாகப் போவதைத் தவிர்த்தான். ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்கவும் வரவில்லை.

கருத்துக் கேட்புக் கூட்டம் ஆவணியில், தேவாலயப் பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. அறிக்கையைத் தயாரித்த குழுவின் தலைவியான ஒரு பெண் திரையில் வரைபடத்தைப் போட்டு விளக்கினார். பாதிக் கூட்டத்தில் கேப்டன் யூனிபார்மோடு உள்ளே வந்தான்.

"இன்னா கேப்டன், டாஸ் போட வந்தியா?" என்றான் பங்கு அணிப் பையன் ஒருவன்.

"டாஸ் தோத்துட்டேம்லே," என்று சொல்லிவிட்டு கேப்டன் நேரே மேடைக்குப் போனான். போனை அந்தப் பெண்ணிடம் கொடுத்தான்.

திரையில் வீடியோ ஓடியது. ஸ்டம்ப் மேல் கவிழ்ந்த ஹெல்மெட், சுற்றிலும் தண்ணீர். படம் மெல்லத் திரும்பி மதகைக் காட்டியது. பிறகு எங்கள் தெருவின் பின்சுவர்களை. பிறகு எங்கள் மொட்டை மாடியை. அங்கே குடையோடு நின்ற என் மனைவியின் குரல் ஹால் முழுக்கக் கேட்டது: "டேய், முழுகிப் போயிடாதீங்கடா! வாடகைய எவன்டா குடுப்பான்?"

ஹால் சிரிப்பில் அதிர்ந்தது. அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டார். பிறகு மதகு தெரியும் இடத்தில் படத்தை நிறுத்தி, வெகுநேரம் பார்த்தார். என்றைக்கு எடுத்தது என்று கேட்டார். நான் எழுந்து போய் என் தாளை நீட்டினேன்.

கேப்டன் மேடையை விட்டு இறங்கவில்லை.

"மேடம், ஒரு வார்த்த. தண்ணி கெடக்கையில அது ஏரிதான். நாங்க இல்லங்கல. வத்துன பொறவு பங்குனி, சித்திரையில நாங்க ஆடுனா ஏரிக்கு என்ன கொறஞ்சிரும்?"

"வரைபடத்துல ஒரு இடத்துக்கு ஒரு நிறந்தாங்க," என்றார் அவர். அவன் நகராமல் நின்றதைப் பார்த்து, "பரிந்துரைகள்ல ஒரு வரியாச் சேர்க்க முடியுமான்னு பார்க்கறேன். எழுதிக்கறேன்," என்றார். எழுதவும் செய்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

இறுதி வரைபடத்தில் எங்கள் ஏரி நீலம். அதைக் கண்ணால் பார்த்துவிட்டேன். அடுத்த கார்த்திகையில் தண்ணீர் கரைக்குள்ளேயே நின்றது; எங்கள் வாசலுக்கு வரவில்லை. நான் சொன்னபடியே வேலியும் வந்தது. வேலியில் ஒரு கதவு வைத்துப் பூட்டுப் போட்டார்கள். அடுத்த உயிர்ப்புத் திங்களன்று பள்ளிக்கூட ஹாலில் கேரம் போட்டி நடத்தினோம். யாரும் சத்தம் போடவில்லை. கோப்பையை யார் வாங்கினார்கள் என்பது எனக்கு நினைவில்லை; நான் எழுதி வைக்கவும் இல்லை.

கேப்டனுக்கு ஓசூர்ப் பக்கம் வேலை மாற்றலாகிவிட்டது. மற்றவர்களும் ஒவ்வொருவராகக் காலி செய்தார்கள். இப்போது மாடியில் ஒரு குடும்பம் இருக்கிறது, நல்ல மனிதர்கள். ஞாயிறு மதியம் தொட்டியில் எதுவும் விழுவதில்லை. கிறிஸ்துமஸுக்குத் தவறாமல் கேப்டனிடமிருந்து போன் வரும். "அக்கா, தண்ணி ஏறலையே?" என்று மனைவியிடம் கேட்பான். மைதானத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டான்.

வற்றிய மாதங்களில் கதவைத் திறந்து விளையாட விடலாம் என்று பரிந்துரைகளில் ஒரு வரி வந்திருப்பதாக, ஊராட்சி அலுவலகத்தில் யாரோ சொல்லக் கேட்டதாக உபதேசியார் சொல்கிறார். இணையத்தில் கிடைக்கும் அறிக்கையில் பரிந்துரைகள் அடங்கிய பிற்சேர்க்கை இல்லை. அந்தக் குழுத் தலைவி வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். பிரதி கேட்டு மனு போட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. அந்த வரி உண்டா இல்லையா என்பது இதை எழுதும் நாள் வரை சரிபார்க்கப்படவில்லை. அதனால் கேப்டனிடம் இன்னும் சொல்லவில்லை.