உட்கார்ந்து கேட்க ஓர் ஆள்

எடப்பாடிப் பக்கம் பேண்டு செட்டில் கிளாரினெட் ஊதும் குணசீலனுக்கு ஐம்பத்திரண்டு வயது. அவருக்கு ஒரே ஆசை. ஒரு கான்செர்ட்டோவின் மூன்று பகுதிகளையும், உட்கார்ந்து கேட்கிறவர்கள் முன்னால், ஒரு முறையாவது முழுதாக ஊதிவிட வேண்டும்.

சேலத்தில் ஒரு தேவாலய இசைக்குழுவில் நோட்டு பார்த்து வாசிக்கப் பழகியவர். ஒற்றைக் கருவி முன்னால் நின்று பேச, மற்றவை பின்னாலிருந்து பதில் சொல்லும் அந்த இசை வடிவத்தை அங்கேதான் முதலில் கேட்டார். பின்னாளில் கைப்பேசியில் தேடி, கிளாரினெட்டுக்கென்று எழுதப்பட்ட மிகப் பழைய கான்செர்ட்டோக்களில் ஒன்றைக் கண்டெடுத்தார். ஏறக்குறைய இருநூற்று எண்பது ஆண்டுகளுக்கு முன் ஜெர்மானிய அரசவை ஒன்றிலிருந்த மோல்ட்டர் என்ற இசையமைப்பாளர் எழுதியது. அன்றைய கிளாரினெட்டில் இரண்டு மூன்று சாவிகள்தான். கீழ்ச்சுரங்கள் சரியாகப் பேசாது. அதனால் மோல்ட்டர் பெரும்பாலும் உச்சத்திலேயே ஊதவிட்டார், எக்காளம் போல. கிளாரினெட் என்ற பெயருக்கே சின்ன எக்காளம் என்றுதான் பொருள்.

செட்டின் முதலாளி முருகானந்தத்திடம் இதைச் சொன்னார்.

“அரமனையில ஊதுனதுங்களா? நமக்கெதுக்குங்க அது? மாப்பிள்ள அழைப்புக்கு சினிமாப் பாட்டு சுத்தமா வந்தாப் போதும்.”

வீட்டில் பழக முடியாது, இருபுறமும் விசைத்தறி. கல்யாணத்தில் கூட்டம் சொல்லும் பாட்டைத்தான் ஊத வேண்டும். சாவு ஊர்வலத்தில் எதை ஊதினாலும் யாரும் காது கொடுப்பதில்லை. எனவே பிணத்துக்கு முன்னால் நடந்தபடி ஆறு வருடம் பழகினார். இரண்டாம் பகுதி முடிவதற்குள் மயானம் வந்துவிடும். வேகமான மூன்றாம் பகுதி ஒருநாளும் வெளியே வந்ததில்லை.

யாரும் காது கொடுக்கவில்லை என்று அவர் நினைத்ததுதான் தவறு.

போன தை மாதம் ஜலகண்டாபுரத்தில் தறிப்பட்டறைக்காரர் வீட்டுக் கல்யாண வரவேற்பு. மணப்பெண் தீபிகா. அப்பா குருமூர்த்தி இறந்து மூன்று வருடமாகிறது. மாப்பிள்ளைக்கு ஜெர்மனியில் வேலை.

“அண்ணா, அவரு ஆபீஸ்காரங்கல்லாம் வந்திருக்காங்க. அரை மணி நேரம் உங்களுக்குத்தான். வெஸ்டர்ன்ல ஏதாச்சும் ஊதுங்க” என்றாள் தீபிகா.

முந்நூறு நாற்காலி. குணசீலன் புதுச்சட்டை போட்டிருந்தார். டிரம்காரர்களைக் கைகட்டி நிற்கச் சொல்லிவிட்டு ஆரம்பித்தார். நான்கு வரி தாண்டவில்லை. பெண்ணின் தாய் அமுதவல்லி மேடையேறி வந்தார்.

“நிறுத்துய்யா! எங்க ஊட்டுக்காரரத் தூக்கிட்டுப் போறப்ப ஊதுனதல்ல இது?”

“இல்லைங்கம்மா, இது ஜெர்மனி அரமனையில…”

“எந்த அரமனையா இருந்தா எனக்கென்ன? என்ற புள்ள கல்யாணத்துல பொணத்துப் பாட்டா?”

“எங்கப்பனுக்கும் இதையேதான் ஊதுனான்” என்றது ஒரு குரல்.

“ஏப்பா, பாடை எப்ப வருது?” என்றது இன்னொன்று. மண்டபம் சிரித்தது. தீபிகா மருதாணிக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் முருகானந்தம் கூப்பிட்டுச் சொன்னார்: “உங்களக் கல்யாணத்துக்கு அனுப்ப வேண்டாம்கறாங்க. எழவுக்கு மட்டும் வாங்க. அங்க அந்த ஜெர்மன் பாட்டுதான் ஊதோணும்னு கேக்கறாங்க, என்ன பண்றது?”

புகழுக்கு வழிகள் பல. குணசீலனுக்குக் கிடைத்தது இது.

புரட்டாசியில் அமுதவல்லி மாரடைப்பில் இறந்தார். தீபிகா அழைத்தாள். “அப்பாவுக்கு ஊதுனதையே அம்மாவுக்கும் ஊதிருங்கண்ணா” என்றாள். கல்யாணத்தைப் பற்றி அவளும் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

தீபிகா குடும்பத்து வழக்கப்படி இறந்தவரைப் படுக்க வைப்பதில்லை. தாடையைத் துணியால் கட்டி, பூ ஜோடித்த நாற்காலியில் உட்கார வைத்தே தூக்கிப் போய், உட்கார்ந்தபடியே புதைப்பார்கள். பாதி வழியில் இறக்கி, திசை மாற்றி வைப்பதும் வழக்கம். அன்று மயானம் வழக்கத்தைவிடத் தூரம்; பாதி வழிக்கு வந்தபோதே இரண்டாம் பகுதி முடிந்திருந்தது. குழி தோண்டி முடியவில்லை என்று ஆள் வந்து சொன்னான். தூக்கியவர்கள் நாற்காலியைத் திருப்பி வைத்துவிட்டு வேப்பமரத்தடிக்கு ஒதுங்கினார்கள். டிரம்காரர்கள் பீடி பற்ற வைத்தார்கள். மற்றவர்கள் கைப்பேசியில் இருந்தார்கள்.

திருப்பி வைத்ததில் அமுதவல்லியின் முகம் குணசீலனுக்கு நேரே இருந்தது. அவர் உதட்டைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் பகுதியை எடுத்தார்.

வேகமான பகுதி. உச்சத்தில் ஓர் இடத்தில்கூடப் பிசகவில்லை. கடைசிச் சுரம் வரை ஊதினார். எதிரே இருந்தவர் அசையாமல், வாய் கட்டப்பட்டு, உட்கார்ந்திருந்தார்.